வன்னி வெயிலுக்குக் கம்பளிச் சடை: புதிதாகப் போடுகிறவர்களுக்கு

செம்மறிக் கம்பளியில் செய்து, சொந்த முடியோடு சேர்த்துப் பின்னிக்கொள்ளும் கம்பளிச் சடையைப் போட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை சடை வேண்டும் என்பதுதான். இணையத்தில் பார்க்கிற படங்களில் தலை முழுக்க நாற்பது, ஐம்பது சடை இருக்கும். அவை பெரும்பாலும் குளிர் நாடுகளில் எடுத்த படங்கள். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ இருந்துகொண்டு, சித்திரை வெயிலில் ஸ்கூட்டியில் வேலைக்குப் போய்வந்து, கிணற்றுத் தண்ணீரில் முழுகுகிற ஒருவருக்கு 12 முதல் 15 இரட்டைச் சடை போதும். மடித்துப் பின்னும்போது ஒவ்வொன்றும் இரண்டாகத் தொங்கும், ஆகவே பார்வைக்கு 24 முதல் 30 வரை தெரியும். அவற்றை எங்கே வைக்கிறோம், எப்படிக் கட்டுகிறோம் என்பதில்தான் அழகு இருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதே.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். செம்மறிக் கம்பளியை நூலாக நூற்காமல் நீளத் திரியாக எடுத்து, சுடுநீரும் சவர்க்காரமும் விட்டு, உள்ளங்கைகளுக்கிடையில் உருட்டி உருட்டி இறுக்கிச் செய்வதுதான் கம்பளிச் சடை. கம்பளி இழையின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருக்கின்றன. சூடு, ஈரம், உராய்வு மூன்றும் சேர்ந்தால் அந்தச் செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், பிறகு விடாது. பசையும் இல்லை, தையலும் இல்லை. உங்கள் சொந்த முடி சடையாக மாறுவதும் இல்லை. முடியோடு சேர்த்துப் பின்னி, ஒன்றரை மாதம் வைத்திருந்து, கழற்றிவிடலாம். இதை வீட்டில் முதலே சொல்லிவிடுங்கள். சடை என்றதும் பெரியவர்களுக்குச் சாமியார்களின் தலைதான் ஞாபகத்துக்கு வரும், வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று பயப்படுவார்கள். ஒரு சடையைப் பின்னி, அவிழ்த்துக் காட்டினால் பயம் தீரும். ஜமெய்க்காவில் 1930களில் தொடங்கிய ரஸ்தபாரி சமயத்தவருக்கு, சொந்த முடியையே சடையாக வளர்ப்பது விரதத்தோடும் நம்பிக்கையோடும் சேர்ந்தது. நாம் போடுவது கழற்றக்கூடிய ஓர் அலங்காரம். அந்த வேறுபாட்டை மனதில் வைத்து, அவர்களுடைய அடையாளத்தை விளையாட்டாகப் பேசாமல் இருப்பது மரியாதை.

வாங்கும்போது

சடைகள் பெரும்பாலும் கனடா, லண்டன், சுவிஸ் என்று வெளியில் இருக்கும் சொந்தக்காரர் மூலமோ இணையவழியாகவோதான் நம் கைக்கு வரும். உள்ளூர்ப் பான்சிக் கடைகளில் ‘வூல்’ என்ற பெயரில் விற்கிற பந்துகள் பல வேளைகளில் அக்ரிலிக் என்ற செயற்கை நூல். அதை எவ்வளவு சுடுநீரில் உருட்டினாலும் இறுகாது. சந்தேகம் வந்தால் ஒரு இழையைக் கிள்ளி எடுத்து, குறட்டில் பிடித்து, நெருப்பில் காட்டுங்கள். கம்பளி என்றால் மயிர் கருகிய மணம் வரும், நெருப்பை விலக்கியதும் அணைந்துவிடும், மிஞ்சும் சாம்பல் விரலில் நசுங்கித் தூளாகும். அக்ரிலிக் உருகி ஒழுகும், ஆறியதும் கறுப்பு மணியாக இறுகிவிடும். விறகடுப்பில் சமைக்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு பெரிய விஷயம்.

ஒரு முனையில் வளையம் வைத்த ஒற்றைச் சடை, நடுவில் பின்னுவதற்கு இடம் விட்டு இரண்டு பக்கமும் கூராக முடியும் இரட்டைச் சடை என்று இரண்டு வகை உண்டு. புதியவர்களுக்கு இரட்டைச் சடைதான் நல்லது. பாரம் இரண்டு பக்கமும் சமமாக இறங்கும், பின்னலும் வழுக்காது.

நிறத்தில் அவசரப்பட வேண்டாம். நம் கறுப்பு முடிக்கு அடர் பழுப்பு, கருநீலம், நாவற்பழ நிறம், கடுகு மஞ்சள் இவை நன்றாக ஒட்டும். என் கணக்கு: மூன்றில் இரண்டு பங்கு முடியோடு கலக்கிற கருநிறங்கள், மிச்சம் கண்ணில் படுகிற ஒரே ஒரு நிறம். ஐந்தாறு நிறம் ஒன்றாகச் சேர்ந்தால் சேலையும் சட்டையும் எதுவுமே பொருந்தாது. வெள்ளைக் கம்பளி கிடைத்தால் வீட்டிலேயே சாயம் போடலாம். தேயிலைச் சாயம் மென்மையான பழுப்புத் தரும். மஞ்சள் பளிச்சென்று பிடிக்கும், ஆனால் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். எந்தச் சடையையும் தலையில் ஏற்றுமுன் நனைத்து ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் தண்ணீர் தெளியும் வரை குளிர்நீரில் அலசுங்கள். இல்லாவிட்டால் முதல் மழையிலேயே உங்கள் சட்டைக் கழுத்து நிறம் மாறிவிடும்.

யார் பொறுத்திருக்க வேண்டும்

தலையில் பேன், பொடுகு, புண் இருந்தால் அதைத் தீர்த்த பிறகே போட வேண்டும். பின்னலுக்குள் மருந்து போடுவதும் சீவுவதும் முடியாத காரியம். டெங்கு போன்ற கடும் காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதத்தில் முடி கொட்டுவது உண்டு, பிள்ளை பெற்ற பிறகும் அப்படித்தான். அந்த நேரத்தில் கூடுதல் பாரத்தை ஏற்ற வேண்டாம், முடி தேறி வரட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இரட்டைப் பின்னல் கட்டாயம் என்பதால், நீண்ட விடுமுறையில் நாலைந்து சடை மட்டும் போட்டு, பள்ளிக்கூடம் தொடங்குமுன் கழற்றிவிடலாம்.

இன்னொன்று, மாதம் பார்த்துப் போடுங்கள். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை இங்கே மாரி மழை. நனைந்த கம்பளி அந்த ஈரக்காற்றில் காயாது. மாசி முதல் புரட்டாசி வரைதான் நமக்கு உகந்த காலம்.

போடும் முறை

இரண்டு நாள் முன்னதாகத் தலை முழுகி, எண்ணெயோ கண்டிஷனரோ வைக்காமல் விடுங்கள். வழுவழுப்பான முடியில் பின்னல் இறங்கிவிடும்.

தலையின் உச்சியில், குடைபோல மற்றதை மூடும் அளவுக்கு முடியைப் பிரித்து மேலே கிளிப் போடுங்கள். இந்த முடிதான் பின்னர் சடையின் அடிகளை மூடி மறைக்கும். அதேபோல் நெற்றி ஓரம், காதோரம், பிடரி ஓரம் இரண்டு விரல் அகலத்துக்கு முடியை விட்டுவிடுங்கள். அந்த ஓரத்து முடி மெல்லியது. தொடர்ந்து இழுபட்டால் அங்கேதான் முதலில் வழுக்கை விழும், சில வேளை திரும்ப முளைக்காமலும் போகும்.

நடுவில் மிஞ்சிய பகுதியில்தான் சடை ஏறும். வால்சீப்பால் இரண்டு சென்ரிமீற்றர் சதுரமாக வகிடு எடுங்கள். ஒரு வரிசைச் சதுரத்துக்கு நேர் மேலே அடுத்ததை வைக்காமல், செங்கல் அடுக்குவது போல இடைவெளியின் மேல் அடுத்த சதுரம் வரட்டும். அப்போதுதான் கொண்டை போடும்போது தலைத்தோல் கோடு கோடாகத் தெரியாது.

சதுரத்தில் உள்ள முடியை மூன்றாகப் பிரியுங்கள். இரட்டைச் சடையின் நடுப்பகுதியை நடுப்புரிக்குப் பின்னால் வையுங்கள். இடப்பக்கக் கால் இடப்புரியோடும் வலப்பக்கக் கால் வலப்புரியோடும் சேரும். அப்புறம் வழக்கமான மூன்று புரிப் பின்னல்தான். ஏழெட்டு சென்ரிமீற்றர் பின்னி, சிறிய றப்பர் வளையத்தால் கட்டுங்கள். முதல் இரண்டு பின்னல் மட்டும் கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். போட்ட சடையை மேலே, கீழே, இரு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் ஆட்டினாலும் தலைத்தோல் இழுபடக் கூடாது. அடியில் வெள்ளையாகப் பரு போல எழும்பினால், அல்லது அன்றிரவு தலை விண்விண்ணென்று வலித்தால், பழகிவிடும் என்று பொறுக்காமல் அவிழ்த்துத் தளர்வாகப் போடுங்கள்.

இடுப்பு வரை முடி இருப்பவர்கள், மிஞ்சும் முடியை என்ன செய்வது என்று கேட்பார்கள். வெட்டத் தேவையில்லை. றப்பருக்குக் கீழே தொங்கும் முடியைச் சும்மா விட்டால் சடைக்குள் சிக்கும், அதனால் அதைத் தனியே மெல்லிய பின்னலாக நுனி வரை பின்னிவிடுங்கள். இரண்டு சடைக்கு ஒரு மெல்லிய பின்னல் என்று கலந்து தொங்குவது, சொல்லப்போனால், குட்டை முடியில் போடுவதைவிட அழகு.

இனிக் கட்டும் விதங்கள்

முதல் நாள் பாதி மேலே, பாதி கீழே என்ற கட்டோடு தொடங்குங்கள். உச்சியில் விட்ட சொந்த முடியை ஒரு சின்னக் கொண்டையாக்கி, சடைகளைக் கீழே தொங்க விட்டால் போதும். உச்சி முடியை அவிழ்த்துச் சீவினால் சடையின் அடி மறைந்து நுனிகள் மட்டும் எட்டிப் பார்க்கும். அலுவலகத்துக்கும் வங்கிக்கும் போகிறவர்கள் இப்படித்தான் வைத்துக்கொள்ளலாம்.

கோடையில் ஆகச் சிறந்தது உச்சிக் கொண்டை. எல்லாச் சடையையும் உச்சியில் திரட்டி, ஓரமாக உள்ள ஒரு நீளச் சடையை எடுத்து அடியைச் சுற்றி இரண்டு முறை வளைத்து, நுனியைச் சுற்றுக்குள் செருகுங்கள். கம்பளி கம்பளியைப் பிடித்துக்கொள்ளும். றப்பரும் வேண்டாம், கிளிப்பும் வேண்டாம். கழுத்தில் காற்றுப் படும். ஒரே இடத்தில் தினமும் கட்டினால் வேரில் நோவு வரும், ஆகவே ஒரு நாள் உச்சி, ஒரு நாள் பிடரி, ஒரு நாள் பக்கவாட்டு என்று இடம் மாற்றுங்கள்.

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் பின்னால் இருக்கிறவர்களும் ஹெல்மெட் போட்டே ஆக வேண்டும். உச்சிக் கொண்டையோடு ஹெல்மெட் உட்காராது. கொண்டைக்கு மேல் வைத்து அழுத்தினால் அது தலையைக் காப்பாற்றாது. பிடரியில் இரண்டு தளர்ந்த பின்னல் போடுவதுதான் சரியான வழி. சடைகளை இரண்டு பாகமாக்கி, காதுக்குக் கீழே தொடங்கிப் பின்னி, நுனிகளை முன்னுக்குக் கொண்டுவந்து சட்டைக்குள் விடுங்கள். ஏ-9 வீதியில் பறக்கும் சடை கண்ணில் அடிக்கும், பக்கத்தில் போகும் வாகனத்திலும் மாட்டக்கூடும். இறங்கிய பின் அந்த இரண்டு பின்னலையும் தலைக்கு மேல் குறுக்காக எடுத்து, எதிர்க் காதருகே செருகினால் முடியே கிரீடமாகிவிடும். இந்தக் கட்டு எனக்கு மிகவும் பிடித்தது. அவிழ்க்காமல், சீவாமல், ஒரு நிமிடத்தில் முகமே மாறிவிடும்.

சோளகக் காற்று வீசும் மாதங்களில் கிறவல் வீதிப் புழுதி கம்பளிக்குள் போனால் எளிதில் வராது. உள் வீதிகளில் போய்வருகிறவர்கள் மெல்லிய பருத்தித் துணியால் தலையைச் சுற்றிக் கட்டுங்கள். நெற்றியில் தொடங்கி, பிடரியில் குறுக்கிட்டு, முன்னுக்குக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டு, சடை நுனிகளை மட்டும் மேலே பூவாக எழும்ப விடலாம். பழைய பருத்திச் சேலையின் முந்தானையே இதற்குப் போதும். ஹெல்மெட்டுக்குள் கட்டுவதானால் முடிச்சு பிடரிக்குக் கீழே இருக்கட்டும். வயலிலும் தோட்டத்திலும் நிற்கிறவர்களுக்கு இது அலங்காரத்தைவிடப் பாதுகாப்பு.

கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் என்ன செய்வது? சவுரி வைத்துப் பின்னுவது நமக்குப் புதிதில்லை. அதே வழியில் எல்லாச் சடையையும் சொந்த முடியோடு சேர்த்து ஒரே தடித்த பின்னலாக இறக்கி, நுனியில் குஞ்சம் கட்டுங்கள். கறுப்பும் நாவற்பழ நிறமும் கலந்த பின்னலுக்கு ஒரு வெள்ளைப் பூச்சரம் போதும். சரத்தைத் தண்ணீர் உதறிவிட்டு வையுங்கள். ஈரப் பூ கம்பளியில் கறையாக இறங்கும். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகிறவர்கள், நாள் முழுக்க வெயிலிலும் சனநெருக்கத்திலும் நிற்க வேண்டியிருப்பதால், அந்தப் பின்னலையே பிடரியில் வட்டமாகச் சுருட்டி ஊசி குத்திவிடுங்கள். தீச்சட்டிக்கும் கற்பூரத்துக்கும் பக்கத்தில் தொங்கும் முடி வேண்டாம். ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்குப் போய்ப் பல நாள் கூடாரத்தில் தங்குகிறவர்களுக்கு, மேலே சொன்ன இரட்டைப் பின்னலும் துணிக் கட்டும் ஒன்றாகச் சேர்ந்தால் முழுகாமலே சமாளிக்கலாம்.

சோடனைப் பொருட்களில் அளவு வேண்டும். பான்சிக் கடை மரமணி, தையல் நூல், செப்புக் கம்பி இவை மூன்றும் போதும். செப்புக் கம்பியைப் பேனையில் சுற்றி எடுத்தால் சுருள் வளையம் தயார், முனைகளை உள்ளுக்கு மடித்துவிடுங்கள். எம்பிராய்டரி நூலைச் சடையின் நடுவில் மூன்று நான்கு சென்ரிமீற்றர் நீளத்துக்கு நெருக்கமாகச் சுற்றி, நுனியை ஊசியால் உள்ளே இழுத்துவிட்டால் கழலாது. இதற்குக் கடையில் வாங்கிய அக்ரிலிக் நூலும் உதவும். பனையோலையில் மோதிரம் போலப் பின்னிச் சடையில் மாட்டலாம். பாரமில்லை, நம் ஊர்ப் பொருள், பழுதானால் இன்னொன்று பின்னலாம். முல்லைத்தீவுக் கரையில் பொறுக்கிய சிப்பியானால், ஓரத்தை அரத்தால் தேய்த்த பிறகே கட்டுங்கள். மொத்தமாக நாலைந்து சடையில் சோடனை இருந்தால் அழகு, எல்லாவற்றிலும் போட்டால் சத்தமும் பாரமும்தான்.

முழுகுதல்

அதிகம் பேர் சலித்துப்போகும் இடம் இது. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை, தொட்டால் தெரியாமலே உள்ளே வைத்திருக்கும். மேலே காய்ந்ததாகப் படும், உள்ளே ஈரம் நிற்கும். அந்த ஈரத்தோடு படுத்தால் ஊத்தை மணம் வரும், பிறகு பூஞ்சணம்.

எனவே பத்து நாளைக்கு ஒரு முறை, காலை ஒன்பது மணிக்குள் முழுகுங்கள். ஷாம்பூவைத் தண்ணீரில் கரைத்து, ஒரு போத்தலில் எடுத்து, வகிடுகளில் மட்டும் விட்டு விரல் நுனியால் தேயுங்கள். சடையைத் தேய்க்க வேண்டாம், வடியும் நுரையே அதற்குப் போதும். சுடுநீர் வேண்டவே வேண்டாம். சூடும் உராய்வும் சேர்ந்தால் சடை இன்னும் இறுகும், சுருங்கும், அதற்குள் உங்கள் முடியும் அகப்படும். சீயக்காய், வெந்தயம், செவ்வரத்தை போன்ற அரைத்த பொருள் எதுவும் கம்பளிக்கு ஆகாது. துகள் உள்ளே தங்கிவிடும்.

வன்னியில் பல கிணறுகளில் கல்லுத்தண்ணீர். சவர்க்காரம் நுரைக்காது, வெள்ளைப் படிவு மட்டும் மிஞ்சும். அந்தப் படிவு கம்பளியைச் சொரசொரப்பாக்கும், நிறத்தையும் மங்கவைக்கும். கடைசி அலசலுக்கு ஒரு வாளித் தண்ணீரில் ஒரு தேசிக்காய் பிழிந்து, வடித்து விடுங்கள். சேமித்த மழைநீர் இருந்தால் அதைவிட நல்லது.

அலசியதும் முறுக்கிப் பிழியாமல், நாலைந்து சடையாகத் துவாயில் சுற்றி அழுத்துங்கள். நனைந்த சடை பாரமாகத் தொங்கும், ஆகவே அழுத்தி முடிக்கும் வரை ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். பிறகு நிழலில், காற்றோட்டமான இடத்தில் அவிழ்த்து விடுங்கள். நேர் வெயிலில் நிறம் போகும். மின்விசிறி உதவும். பின்னேரம் ஒரு சடையின் தடித்த இடத்தை இரு விரலால் அழுத்திக் கன்னத்தில் வையுங்கள். குளிர்ந்தால் இன்னும் காயவில்லை.

குளத்திலோ வாய்க்காலிலோ குளிக்கும்போது உச்சிக் கொண்டை போட்டு, கழுத்து வரை மட்டும் இறங்குங்கள். தோய்ந்த கம்பளியோடு முங்கி நீந்துவது கழுத்துக்கு நல்லதில்லை. கடலில் நனைந்தால் அன்றே நன்னீரில் அலசிவிட வேண்டும்.

எண்ணெய் வைக்காமல் இருக்க நம்மால் முடியாது, தெரியும். வாரம் ஒரு முறை விரல் நுனியில் இரண்டு துளி தேங்காயெண்ணெய் எடுத்து வகிடுகளில் மட்டும் தடவுங்கள். தீபாவளி நல்லெண்ணெய் முழுக்குக்கு ஆசைப்பட்டால் சடையை அதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். சமைக்கும்போது கொண்டை போட்டுத் துணி கட்டுவதை வழக்கமாக்குங்கள், கம்பளி விறகுப் புகையை உறிஞ்சி நாட்கணக்கில் வைத்திருக்கும். படுக்கும்போது சடைகளைத் தளர்வாக ஒன்றுசேர்த்துத் தலையணைக்கு மேலால் போட்டுவிட்டால் கழுத்துக்குக் கீழே அகப்படாது.

கழற்றும் முறை

ஆறு வாரம் நல்ல அளவு, எட்டு வாரத்தைத் தாண்ட வேண்டாம். முடி வளர வளரப் பின்னல் வேரிலிருந்து கீழே இறங்கும், பாரம் சில இழைகளில் மட்டும் தொங்கத் தொடங்கும்.

சிறிய கத்தரிக்கோலால் றப்பரை மட்டும் வெட்டி, நுனியிலிருந்து மேலே அவிழ்த்து வாருங்கள். வேர்ப் பக்கம் தூசியும் உதிர்ந்த முடியும் சேர்ந்து ஒரு சின்னக் கட்டி இருக்கும். அதைத் தண்ணீரில் நனைக்காமல், கண்டிஷனரோ எண்ணெயோ தடவி, விரலால் பிரித்து, அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து சீவுங்கள். கட்டி இருக்கும்போதே முழுகினால் அது இறுகிக் கத்தரிக்கோல் கேட்கும். சீப்பில் வரும் முடியைக் கண்டு கலங்காதீர்கள். எல்லாருக்கும் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்கிறது. பின்னலுக்குள் இருந்த முடி விழ இடமில்லாமல் ஆறு வாரமும் அங்கேயே நின்றிருக்கும், அன்றைக்கு மொத்தமாக வரும். வேரோரம் தோல் பளபளப்பாக, முடியில்லாமல் தெரிந்தால் மட்டும் அது வேறு விஷயம். அப்போது தோல் வைத்தியரிடம் காட்டுங்கள், மறுபடி சடை போட நினைக்க வேண்டாம்.

கழற்றிய சடைகளைக் குளிர்நீரில் ஷாம்பூ விட்டு அலசி, இரண்டு நாள் முழுக்கக் காயவிட்டு, பிய்ந்து நிற்கும் இழைகளை ஈரக் கையால் உருட்டிச் சேர்த்துவிடுங்கள். உருட்டிய பிறகும் ஒருமுறை காயவிட வேண்டும். பருத்தித் துணியில் சுற்றி, காய்ந்த வேப்பிலை போட்டு, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். வேப்பிலையை மட்டும் நம்பியிருக்க முடியாது, கம்பளியைத் தின்னும் அந்துப்பூச்சி இருட்டில் அசையாமல் கிடக்கும் துணியைத்தான் தேடி வரும். மாதம் ஒரு முறை வெளியே எடுத்து இளவெயிலில் உதறி, இலையை மாற்றுங்கள். இப்படிப் பேணினால் அதே சடைகளைப் பல முறை போடலாம். அடுத்த முறைக்கு இடையில் தலைக்குக் குறைந்தது இரண்டு வாரம் ஓய்வு விடுங்கள், வகிடுகளையும் சென்ற முறை எடுத்த இடத்திலிருந்து சற்று நகர்த்தி எடுங்கள்.